பன்னிரண்டு ஸ்டாப்

கையில் பிடிக்க முடியாத ஒன்றைக் காசு என்கிறான் ஒருத்தன். அதைத் தடை செய்துவிட்டோம் என்று வீடு புகுந்து மெத்தையைக் கிழிக்கிறான் இன்னொருத்தன். இந்தக் காலத்தில் எவனுக்கும் புத்தி நேராக இல்லை.

பெரியவருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மகனுடைய கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் அதிகாரிகள் பைக்குள் போட்டாயிற்று. மாவு டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள்.

"பெரியவர் என்ன, கிணறு, குடை, ஆணின்னு சொல்லிக்கிட்டே இருக்கார்?" என்றார் மூத்த அதிகாரி.

"கண்டக்டரா இருந்தவர் சார்," மகன் முந்திக்கொண்டான். "பழைய ரூட்டுல ஸ்டாப் பேரு. வயசாச்சில்ல, வாய் நிக்காது."

"ஆணின்னு ஒரு ஸ்டாப்பா?"

"ஆணி கம்பெனி சார். மூடிட்டாங்க."

அதிகாரி சிரித்தார். "பெரியவரே, உங்க பையனோட டிஜிட்டல் காசுக்கு இன்னியோட சங்கு. சட்டம் வந்தாச்சு."

"என் மருமக கழுத்துல நகை இருந்தப்ப எங்கய்யா போச்சு உங்க சட்டம்?"

அதிகாரி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் மகன் கதவைச் சாத்திவிட்டுத் துள்ளினான்.

"பார்த்தீங்களாப்பா? எந்த அரசாங்கத்தாலயும் இதைத் தடுக்க முடியாது! கம்ப்யூட்டர் போனாலும், நீங்க முணுமுணுத்த அந்தப் பன்னிரண்டு வார்த்தைதான் மொத்தக் காசுக்கும் சாவி. பேப்பர்ல எழுதியிருந்தா இன்னிக்கு மாட்டியிருப்பேன். எனக்கு என் போன் நம்பரே மனசுல நிக்காது. அதான் உங்ககிட்ட மனப்பாடம் பண்ணச் சொன்னேன்!"

மகன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"வரிசையாச் சொல்லுங்க. வேற ஒரு டிஜிட்டல் காயின் சும்மா பிச்சுக்கிட்டு ஏறுது. எல்லாத்தையும் எடுத்து அதுல போட்டுடறேன்."

பெரியவர் வெறுங்கழுத்தோடு நின்ற மருமகளை ஒரு தடவை பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டினார்.

"அவ நகையை வித்துப் போட்டதுதானே? அவ கேட்டா சொல்றேன். அதுவும் அதைக் காசுன்னு நம்பி இல்ல. உனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது."

"அப்பா! அரசாங்கத்தாலயே என்னைத் தடுக்க முடியல!"

பெரியவர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

"அது அரசாங்கம்டா. நான் உன் அப்பன்."