தாடையின் வயது

"வயசைச் சொல்லிட்டு எடு. சொல்லாம இதை நகர்த்த விடமாட்டேன்!"

வறண்ட ஓடையின் நடுவே, தோண்டிய குழிக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள் நபெயோக். கழுத்து நிறைய மணிமாலை. சுற்றிலும் அவளுடைய ஆடுகள்.

முத்தோக்கிக்கு அழுகை வராத குறை. ஆதிமனிதனின் எலும்பைத் தேடித் துர்க்கானாப் பாலை வெயிலில் பாதி ஆயுளைக் கரைத்தவள் அவள். முந்தாநாள்தான் ஒரு கீழ்த்தாடை கிடைத்தது. இன்றைக்கென்று மலைமேல் மேகம் கருத்துக்கொண்டு வருகிறது. மழை இறங்கினால் ஓடை பெருகி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும்.

"அக்கா, நைரோபிக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சாத்தான் சரியான வயசு தெரியும். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா? அதுவரைக்கும் நான் எப்படித் தூங்குறது?"

முத்தோக்கியின் உதவியாளன் லோத்தியாங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் துர்க்கானாக்காரன்தான், ஏரிக்கரைப் பக்கம். வறட்சிக்குத் தப்பி மேற்கேயிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த இவளை அவனுக்கும் தெரியாது.

"வயசைக் கேட்டு என்ன பண்ணப் போறே அத்தை? மாப்பிள்ளை பாக்குறியா?"

"வாயை மூடுடா, வெட்டிப்பயலே!"

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "முன்பல்லு ரெண்டைக் காணோமே, யாரு பிடுங்கினது?"

"யாரும் பிடுங்கலை அக்கா. மண்ணுல அரிச்சு விழுந்திருக்கும்."

"எங்க ஆளுங்களுக்கு இந்த ரெண்டு பல்லைத்தான் சின்னதுலயே எடுப்போம்."

"போச்சுடா!" லோத்தியாங் தன் வாயிலும் அதே இடத்துப் பொக்கையைக் காட்டிச் சிரித்தான். "சொந்தம் கொண்டாட ஆரம்பிச்சிட்டா!"

முத்தோக்கிக்குப் பகீரென்றது. எங்கள் முப்பாட்டன் எலும்பு, தரமாட்டோம் என்று ஊரே திரண்டுவிட்டால்? சோதனை முடியாமல் வயதைச் சொல்வது அவள் வழக்கமே இல்லை. முதல் துளி மூக்கில் விழுந்ததும் வழக்கமெல்லாம் பறந்துவிட்டது.

"இதுக்கு மேல கிடந்த எரிமலைச் சாம்பலுக்கே பதினஞ்சு லட்சம் வருஷம். இது அதுக்கும் மூத்தது. போதுமா?"

"லட்சம்னா எவ்வளவு?"

"உன் பாட்டன், அவனுக்குப் பாட்டன், எல்லாருக்கும் முந்தி. ஆடு வளர்க்கவே யாருக்கும் தெரியாத காலம்."

"ஆடே வளர்க்காத காலமா?" நபெயோக் அவள் கையை இறுகப் பிடித்தாள். "சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

அவ்வளவுதான். துள்ளி எழுந்தாள் நபெயோக். சிரிக்கிறாள், அழுகிறாள், ஆடுகளை விரட்டி வழிவிடுகிறாள். "எடுத்துட்டுப் போ தாயி, நல்லா இருப்பே!"

லோத்தியாங் வாய் பிளந்தான். "இவ்வளவுதானா? இதுக்கா அத்தை இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"காணாமப்போன ஆட்டைத் தேடி மலைக்குப் போன என் மகன் மூணு வருஷமாத் திரும்பலைடா. எங்கே எலும்பு கிடைச்சாலும் ஓடிப்போய்ப் பாக்குறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் நபெயோக். "நல்லவேளை, இதுவும் அவன் இல்லை."