ரெண்டு பின் பிளக்

“பிளக்கு முதற்கொண்டு ஒரிஜினல்தானே தம்பி? ஒரு ஸ்க்ரூ மாத்தியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைப் பார்த்தவரின் குரல் போனில் கேட்டபோது டிரெவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“நேர்ல வந்து பாருங்க” என்றான்.

வாய் கொப்பளித்தான். முட்டை பொரித்து, நின்றபடியே தின்றான். ‘செவ்வாய் – செடிக்குத் தண்ணீர்’ என்று ஃபிரிட்ஜ் கதவில் மனைவி மார்னியின் கையெழுத்தில் ஒரு சீட்டு. இன்று செவ்வாய். ஊற்றினான். பிறகு கார் ஷெட்டைத் திறந்தான்.

ஒன்பது மணிக்கு, போனில் பேசிய வெர்ன் வந்தார். ஃபிளிண்ட் நகரின் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டி ஐம்பத்தேழாம் வருடத்து செவர்லே. வெளிர் பச்சை. பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் தூக்கியிருந்தது.

ஷெட்டுக்குள் வந்தவர் சுவரில் மாட்டியிருந்த எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“அதே பச்சை! அப்பல்லாம் கார் பெயிண்டைத்தானே கிட்டாருக்கும் அடிச்சாங்க. எங்கப்பாகிட்ட இதே கலர்ல வண்டி இருந்துச்சு தம்பி. அதுல ஒரு கீறல் விழுந்தா மனுஷன் ஒரு வாரம் சாப்பிட மாட்டாரு. என் கை உடைஞ்சப்ப நல்லாத்தான் சாப்பிட்டாரு.”

டிரெவர் சிரிக்கவில்லை.

“எதுக்கு விக்கிற? வீட்டம்மா உத்தரவா?”

“அவளாலதான்.”

“எல்லா வீட்லயும் இதே கதைதான். ‘வண்டியா, நானா’ன்னு என் பொண்டாட்டி கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னேன். அதுக்குள்ள கிளம்பிட்டா!” பலமாகச் சிரித்தார். “சனிக்கிழமை கார் கண்காட்சி. என் பொண்ணு டெஸ் பாடறா. இந்த வண்டி, இந்த கிட்டார், இந்த ஆம்ப்ளிஃபையர். மூணும் ஒரே காலத்துச் சரக்கு. எவனும் கண்ணை எடுக்க மாட்டான் பாரு.”

குனிந்து, கிட்டார் சத்தத்தைக் கூட்டும் அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

“என்னய்யா இது? மூணு பின் பிளக்கு! புது வயரு!”

“நான்தான் மாத்தினேன்.”

“உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அறுபது வருஷமா ஒருத்தன் கை படாத சாமான். பாதி மதிப்பு போச்சே!”

“பழசுல எர்த் கிடையாது. கிட்டார் கம்பியிலயே கரண்ட் ஏறும்.”

“அந்தக் காலத்துல எர்த்தாவது மண்ணாவது! அப்பப்ப சுள்ளுனு ஒண்ணு வைக்கும். அந்தச் சுள்ளும் ஒரிஜினல்தான் தம்பி. அதுக்கெல்லாம் பயந்தா நீ புல்லாங்குழல் வாசி.”

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். ஆணியில் சுருட்டித் தொங்கிய பழுப்பு வயர். நுனியில் இரண்டு பின் பிளக்.

“அடேய், பத்திரமாத்தான் வெச்சிருக்க! கவலையை விடு. பத்து நிமிஷம், பத்தவெச்சு மறுபடி மாட்டிடறேன். சனிக்கிழமை டெஸ் இதுலதான் பாடறா.”

கை நீட்டினார். டிரெவர் முந்திக்கொண்டு வயரை எடுத்தான். மேஜை மேலிருந்த கட்டரால் நறுக்கினான். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. கடைசியில் பிளக்கைத் தரையில் போட்டு, சுத்தியலால் ஒரே அடி.

வெர்ன் வாய் பிளந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

“நீயெல்லாம் கிட்டார் வெச்சிருக்கற ஆளா? யார் உன்னை மாத்தச் சொன்னது?”

“மார்னி. என் மனைவி.”

“அவ சொன்னாளாம், இவன் உடனே ஓடிப்போய் மாத்தினானாம்!”

“உடனே மாத்தலை” என்றான் டிரெவர். “அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து மாத்தினேன்.”

வெர்ன் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். பச்சை வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

டிரெவர் தரையில் கிடந்த துண்டுகளைப் பெருக்கினான். மார்ச் பதினாலாம் தேதி அவள் இதே இடத்தில்தான் நின்றாள், தோளில் அந்தப் பச்சை கிட்டாருடன். மைக்கில் உதடு பட்டதும் சட்டென்று பின்வாங்கினாள். சுள்ளென்கிறது, பிளக்கை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். தொடாதே, மதிப்புப் போய்விடும் என்றான் அவன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கையால் கம்பிகளை அழுத்தி, இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தாள்.

“சரி சரி, உன் ஒரிஜினல்ல நான் கை வைக்கலை. நீ பாட்டைக் கேளு, டிரெவ்.”