கொஞ்சம் வளர்ந்த நீர்நாய்

"நீர்நாய் போகுது சார். பாலத்தை இடிச்சுக் குழாயைப் பதிச்சுட்டா அது எந்த வழியா போகும்?"

மைக்கை விடாமல் சுப்ராய ஹெக்டே மறுபடியும் இதையே கேட்டார். பாக்கு சொசைட்டி மண்டபம் பெருமூச்சு விட்டது. மலைப்பாதையை நாலு வழிச் சாலையாக்க ஊராரிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. சீக்கிரம் முடிந்தால் உப்புமா சூடாகக் கிடைக்கும்.

மேடையில் அதிகாரிகள் நடுவே ரூபகலா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வழியிலுள்ள ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் பார்த்து, ரோட்டுக்கடியில் தண்ணீர் போக எங்கே குழாய் போதும், எங்கே பாலம் வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. அவள் சொல்வதை வைத்துத்தான் சாலைக்கு அனுமதி.

"எந்த மாதிரி பாலம் கேக்கறீங்க, ஹெக்டே சார்?" என்று கேட்டாள்.

"இப்ப இருக்கிற கல்பாலம் மாதிரி. அடியில ஓடையோரமா நடைபாதை. ஏழடி உயரமாவது வேணும்."

"நீர்நாய் ஒரு அடி உயரம்கூட வராதே?"

"எங்க ஊர்ல கொஞ்சம் வளர்த்தி."

மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த கஜானன பட்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"மேடம், அது குடை பிடிச்சுக்கிட்டுப் போகுதான்னு அவரையே கேளுங்க" என்றார், ஹெக்டே பக்கம் திரும்பாமலே.

இருவரும் அடுத்தடுத்த வீடு. பேசிப் பல வருஷம் ஆகிறது என்று பக்கத்திலிருந்த பஞ்சாயத்துத் தலைவர் ரூபகலாவின் காதில் போட்டார்.

மறுநாள் காலை அவள் தனியாக ஓடைக்குள் இறங்கினாள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு பாறை விடாமல் பார்த்தாள். நீர்நாய் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஈர மண்ணில் மாட்டுக் குளம்பும் செருப்புத் தடமும்தான்.

சரிதான், தன் தோட்டத்துக்குப் போக வர வழி வேண்டி மனுஷன் நீர்நாயை இழுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்து முடிக்கவில்லை, ஹெக்டேயே சரிவில் இறங்கி வந்தார்.

"நீர்நாய் இருந்தா பாறை மேல மீன்முள்ளோட எச்சம் கிடக்கணும். இங்கே ஒண்ணுமில்ல" என்றாள் அவள், கறாராக. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க தோட்டம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு குழி நிலம்கூட இல்லம்மா. என் வீடு, தோட்டம் எல்லாம் இந்தப் பக்கம்தான்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?"

ஹெக்டே காதைத் தீட்டிக்கொண்டார். சட்டென்று தாழம்புதர் மறைவில் குந்தினார். அவளையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

டக், டக் என்று தடிச் சத்தம் வந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து, மாட்டைப் பிடித்தபடி கஜானன பட் வந்தார். பாலத்துக்கு அடியில் நின்று, கல்சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். மாட்டிடம் ஏதோ குறைப்பட்டுக்கொண்டே அந்தப் பக்கம் ஏறிப் போனார்.

"பார்த்துக்கோங்க" என்று கிசுகிசுத்தார் ஹெக்டே. "நீர்நாய்."

ரூபகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"போன மழைக்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. அவன் தோட்டம் பூரா அந்தப் பக்கம். குழாயைப் போட்டு மண்ணை மூடிட்டா, மேடேறி லாரிங்களுக்கு நடுவுல தாண்டணும். தாண்டுவேன்னு வீம்பு பேசறானாம். நாங்கதான் பேசறதில்ல, பொம்பளைங்க பேசிக்கறாங்க. அவன் வீட்டம்மா எங்க வீட்ல வந்து அழுதா."

"இதை அவரே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே?"

"நடக்க முடியலன்னு மைக்குல ஒத்துக்கற ஆளா அவன்?"

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"எங்களுக்குள்ள சண்டையே எதுல வந்ததுன்னு நினைக்கறீங்க? யக்ஷகானக் கூத்து மேடையில கர்ணன் வேஷம் கட்டிக்கிட்டு வசனத்தை மறந்துட்டான். பாவம்னு நான் எடுத்துக் கொடுத்தேன். ஊருக்கே கேக்கற மாதிரி கொடுத்துட்டேன்."

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"இல்லாத நீர்நாயை நான் எழுத முடியாது, ஹெக்டே சார். ஆனா மாடு போனதை என் கண்ணால பார்த்தேன். ஆடுமாடு போற வழின்னு எழுதிப் பாலம் கேக்கலாம். அது நியாயமான காரணம்தான்."

"எழுதுங்க. யாரோட மாடுன்னு மட்டும் வேண்டாம்."

"ஒண்ணு இருக்கு. அடுத்த கூட்டத்துல, நீங்க சொன்ன நீர்நாய் வெறும் புளுகுன்னு எல்லார் முன்னாடியும் நான் சொல்லியாகணும். ஊரே உங்களைக் கேலி பண்ணும்."

ஹெக்டேயின் முகம் மலர்ந்துவிட்டது.

"கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கம்மா. நான் ஜெயிச்சு வாங்கின பாலம்னா அவன் அதுக்கடியில கால் வெக்க மாட்டான். நான் அவமானப்பட்ட பாலம்னா, ராஜா மாதிரி நடந்து போவான்."