ஒரு காம்பரா நீள மீன்

இப்போதெல்லாம் ஒருவன் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் அதை வாயால் சொல்வதில்லை. போனை எடுத்து எதிரில் இருப்பவன் மூக்கில் இடிக்கிறான். நம்பவில்லை என்றால் நமக்குத்தான் கோளாறாம்.

தயாபரனும் அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தான். திருகோணமலை ஹோட்டல் வேலையிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தவன், பின்னேர பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையான காம்பராவில் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்திருந்தான்.

"இந்தக் கறுப்பு உடுப்பு போட்டுக் கடலுக்குள்ள போறது நான்தாம்பா. கூட வந்த வெள்ளக்காரர் எடுத்தாரு."

மாரிசாமி விறகு சுமந்த தோளைப் பிசைந்துகொண்டே பார்த்தார். முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், தலைவரை ரப்பர். யாரென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கங்காணியாக நின்றவர் அவர். கொழுந்துக் கூடையை மேலாகப் பார்த்து நம்பியதே இல்லை. முத்தின இலையை ஒளித்திருப்பார்கள் என்று அடிவரை கையை விட்டுக் கிளறிவிட்டுத்தான் நிறுக்க விடுவார்.

"நீயா? ஆத்துல முட்டளவு தண்ணிக்கே அம்மா இடுப்ப விட்டு எறங்காதவன்."

"அது சின்ன வயசுலப்பா. இப்ப முதுகுல காத்து சிலிண்டர கட்டிக்கிட்டு அர மணித்தியாலம் உள்ளயே கெடப்பேன்."

"கெடப்ப, கெடப்ப."

பெரியாயி வாசலில் குந்தி, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை கேட்டதை நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"ஏங்க, அடுத்த மாசம் அம்மன் திருவிழா. ஜெயந்தினியையும் வரச் சொல்லுவமா?"

"அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்காதன்னு சொல்லியிருக்கேன்."

நாலு வருடமாக இதே பதில்தான். ஏழு வருடம் இதே மலையில் கொழுந்து பறித்த மகள், பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாளில் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். கொழும்பில் ஏதோ தையல் ஃபேக்டரியில் இருப்பதாகக் கேள்வி. பெரியாயிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது. அவருக்கும் சொல்லிச் சொல்லி அலுப்புத்தான், ஆனாலும் சொன்னார்.

"அப்பா, பாருங்க! வருது, வருது!"

நீலத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நிழல் வந்தது. வர வரப் பெருத்தது. வாய் ஒரு ஜன்னல் அகலம். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

"திமிங்கிலச் சுறாப்பா. நம்ம காம்பரா நீளம் இருக்கும். ஆளக் கடிக்காது. இருவது வருசமா முங்குற எங்க மாஸ்டரே ரெண்டு தடவதான் பாத்திருக்காராம்."

"இம்புட்டு பெரிய வாய வச்சிக்கிட்டு கடிக்காதாம். யாருகிட்ட கத வுடுற?"

பெரியாயி எட்டிப் பார்த்தாள். "ஆத்தாடி, கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரியில்ல இருக்கு!"

"போன்ல புள்ளி வைக்க எம்புட்டு நேரமாகும்?" என்றார் மாரிசாமி.

மீனின் வாலில் பழைய வலை ஒன்று சுற்றி இறுகியிருந்தது. கறுப்பு உடுப்பு கிட்டே போய்க் கத்தியால் அறுத்தது. அறுத்த துண்டுகளை இடது கையில் சேர்த்து, இடது தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தது.

பின்னால் சிலிண்டர்தான் இருந்தது. துண்டுகள் தண்ணீரில் மிதந்து போயின. பிறகு நினைவு வந்ததுபோல் திரும்பி, அவற்றைப் பொறுக்கி இடுப்பில் தொங்கிய பைக்குள் திணித்தது. மறுபடி அறுத்தது. மறுபடியும் இடது தோளுக்கு மேல்.

"நிப்பாட்டு. அந்த எடத்தத் திரும்பப் போடு."

தயாபரன் போட்டான். மூன்று தடவை போட வைத்தார். மூக்கு போனில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தார்.

"பாத்தீங்களாப்பா, நம்பிட்டீங்க! அந்த வல மட்டும் அறுபடாட்டி மீனு செத்தே போயிருக்கும்."

"அறுத்தது நீதானே?"

"ஆ... ஆமாப்பா." தயாபரன் அம்மாவைப் பார்த்தான். பெரியாயி சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்தாள்.

மாரிசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"என்னாங்க, ஒன்னுமே சொல்லாமப் போறீங்க? புள்ள எம்புட்டு ஆசையா காட்டுறான்."

"மீனாம் மீனு. அம்புட்டும் போன்ல செய்ற வேல. இம்புட்டு பெரிய மீனு ஒலகத்துலயே கெடையாது."

லயத்து முன்னால் ஓடும் வடிகால் கானைத் தாண்டினார். படியில் ஒரு கால் வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இடது தோளுக்கு மேல எறியாதடி, பாதிக் கொழுந்து கீழ கொட்டுதுன்னு எத்தன நாள் ஏசியிருப்பேன். முதுகுல கூடையே இல்லாட்டியும் எறியுது பாரு, கழுத."

தயாபரனின் கையிலிருந்த போன் மெல்ல இறங்கியது. பெரியாயி சுண்ணாம்பு விரலோடு எழுந்து நின்றுவிட்டாள்.

அவர் படியேறிக்கொண்டே சொன்னார்.

"மீன நான் நம்பலடா. ஜெயந்தினிய திருவிழாவுக்கு வரச் சொல்லு."