சிவக்காத கிண்ணம்

"மஞ்சள் மூடி மறுபடியும் வெளுப்பா? நீ ரத்தம் வளர்க்கிறியா, பால் காய்ச்சறியா?"

மேடம் கேட்டதும் ஆய்வகத்தில் சிரிப்பு எழுந்தது. மேகம் மட்டும் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மேகம் என்பது அவள் பெயர் இல்லை. அந்த அரையிருட்டு அறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டையும் மறந்து மிதப்பாள் என்பதால், மற்றவர்கள் வைத்த பெயர்.

மிதக்காமல் என்ன செய்வது? கண்ணாடிக்குக் கீழே தெரிந்த உலகம் அப்படி.

நடுவில் ஒரு பெரிய செல். அதைச் சுற்றிலும் குட்டிச் செல்கள். எலும்பு மஜ்ஜைக்குள் நடப்பதைக் கிண்ணத்துக்குள் நடக்க வைத்திருந்தார்கள். பெரிய செல்லின் மேல் இருக்கும் புரதங்கள் விரல்களைப் போலக் குட்டிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த கை பிடித்தபடி இரும்பை ஊட்டும். நீலமாக இருந்த குட்டிகள் மெல்ல மெல்லச் சிவக்கும். பிறகு தங்கள் உட்கருவையே உதறிவிட்டு, லேசாகி, ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து நழுவி மிதந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கிண்ணத்துக்குள் பொழுது விடிவது போல இருக்கும்.

மஞ்சள் மூடி போட்ட கிண்ணத்தில் மட்டும் விடியவே இல்லை. குட்டிகள் அரைத்தூக்கத்தில் அப்படியே நின்றன.

அது நோயாளியின் கிண்ணமும் இல்லை. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வகத்தில் இருக்கும் எல்லாருமே ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்திருந்தார்கள். எடுத்தவள் மேகம். யாருடையதற்கு எந்த நிற மூடி என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்பது மேடம் போட்ட விதி.

"நம்மள்ல யாருக்கும்மா நோய்? எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம்," என்றார் மேடம். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டே பேசினார். "அப்ப கோளாறு ரத்தத்துலயா, உன் கையிலயா?"

"புரதத்தைச் சொட்டுச் சொட்டா விடணும் மேடம். மேகம் பெய்ய மறந்திருக்கும்," என்று எடுத்துக் கொடுத்தார் மூத்த ஆய்வாளர்.

மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்காதீங்க. நாளைக்கு முடிவை அனுப்பணும். இவ ஒருத்தியால மொத்த வேலையும் நிக்குது." மேடம் அவள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. மூணு தடவை போட்டே. மூணு தடவையும் யார் தப்பு?"

மேகம் மஞ்சள் மூடியை மெதுவாக மூடினாள்.

"என் தப்புதான் மேடம்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

"இல்லை மேடம்."

"அப்ப உன் சாமானை எடுத்து வெச்சுக்கோ. நாளையிலேருந்து வர வேண்டாம்."

சிரிப்பு நின்றுபோனது. இந்த ஒரு ஆராய்ச்சி முடிந்தால் மேகத்துக்குப் பட்டம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"பாவம் மேடம், இன்னும் ஒரு தடவை..." என்று இழுத்தார் மூத்த ஆய்வாளர்.

"இவ்வளவு நேரம் கேலி பண்ணினீங்க, இப்ப வக்காலத்தா? போய் வேலையைப் பாருங்க!"

மேடம் தன் அறைக்குப் போய் உட்காரக்கூட இல்லை. மேகம் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னும் என்ன? அழுதா மனசு மாறிடுவேன்னு நினைக்காதே."

"அழ வரலை மேடம். கீழே ரத்த டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். பேர் சொல்லாமத்தான் விவரம் கேட்டேன். ஆரம்பத்துலயே பார்த்தா வழி இருக்குன்னார். அதான், இப்பவே போயிடலாம்னு..."

மேடத்தின் குரல் சட்டென்று இறங்கியது.

"அடி அசடே! உடம்பு சரியில்லைன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? அதான் இப்படிச் சாப்பிடாமக் கொள்ளாம உக்காந்திருந்தியா? அப்ப அந்தக் கிண்ணம்... உன் கையில தப்பே இல்லையா?"

"இல்லை மேடம். இருந்துடக் கூடாதான்னுதான் மூணு தடவை போட்டுப் பார்த்தேன்."

"அதை அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? வேலையே போகுதுன்னு தெரிஞ்சும், அத்தனை பேர் முன்னாடி என் தப்புங்கறே!"

மேகம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் சில்லென்று, வெளுத்துக் கிடந்தன.

"உட்காருங்க மேடம். மஞ்சள் மூடி, நீங்க கொடுத்த ரத்தம்."