தெற்கே திரும்பிய முகம்

2025 பிப்ரவரி 24, திங்கட்கிழமை. திருவொற்றியூரின் கடலோரக் குப்பத்து மக்களுடைய குறை இதுதான்: ஓய்வுபெற்ற விஞ்ஞானி பொன்னுரங்கம், தினந்தோறும் மாலை ஏழரை மணிக்கு மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, மீனவன் தேசப்பனின் மனைவி ரேகா குளிப்பதைப் பார்க்கிறார்.

அவள் குளிக்கும் இடத்துக்குக் கூரை கிடையாது. நான்கு பக்கமும் தகரம் அடித்த மறைப்பு மட்டுமே. மீன் விற்றுத் திரும்பியதும் அந்த நேரத்தில்தான் அவள் குளிப்பாள்.

"போட்டோவப் பாரு மாமு," என்று கைபேசியை நீட்டினான் பிரகாஷ். தேசப்பனின் தோஸ்து, குப்பத்துக்கு மேற்கேயுள்ள தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். "மூஞ்சி எந்தப் பக்கம் கீது? தெக்க. தெக்க யார் வூடு கீது?"

தெற்கே இருந்தது தேசப்பனின் வீடு. படத்தில் பெரியவர், வில்லையில் கண்ணைப் பதித்து, முகத்தை அந்த வீட்டை நோக்கித் திருப்பியிருந்தார். தேசப்பன் படகிலிருந்து துடுப்பை உருவிக்கொண்டு நடந்தான். பின்னால் இருபது பேர் நடந்தார்கள்.

அவர்கள் மாடி ஏறியபோதும் பெரியவர் வில்லையை விட்டு நிமிரவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க. இப்பதான் மங்குது," என்றார்.

"இன்னா மங்குது? எம் பொண்டாட்டி குளிக்கிறது உனுக்கு நட்சத்திரமா கீதா?"

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாம் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் படிக்கட்டில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மூன்றாம் அடி தொலைநோக்கிக்கு. மேற்கே வாயைத் திறந்திருந்த நீண்ட குழல் நெளிந்தது. அதன் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாயைப்போல் நீட்டிக்கொண்டிருந்த கண்வில்லை தெறித்தது. அவர் இரண்டு ஆண்டுகள் தம் கையால் தேய்த்துச் செய்த கண்ணாடி, குழலின் அடியிலிருந்து சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

"சயின்டிஸ்டுன்னு சலாம் வெச்சோமே, இப்டி கலீஜா பூட்டியே பெருசு," என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. "ஓட்டு கேட்டு வந்தவனையெல்லாம், இந்த நாத்தத்துல மூக்க மூடாம அஞ்சு நிமிஷம் நில்லு பாக்கலாம்னு மெரட்டுன. ஒன் யோக்கியதை இதானா?"

யாரோ உதைத்தார்கள். பெரியவர் கண்ணாடிச் சில்லுகளின்மேல் விழுந்தார். புருவம் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. முறியாத கையால் ஒரு நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இத மட்டும் விட்டுடுங்க. வியாழக்கிழமை வேணும். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆய்வுக்கூடத்துல இருந்தேன். மேலே இருக்கறவங்க எதை எழுதச் சொன்னாங்களோ அதைத்தான் எழுதினேன். இது ஒண்ணுதான் யாரும் சொல்லாம நானா எழுதினது."

பிரகாஷ் அவருடைய விலாவில் மிதித்து, நோட்டைப் பிடுங்கினான். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நடுவில் ஒரு குறிப்பை மட்டும் உரக்கப் படித்தான்: "பிப்ரவரி 21. 7.38. ரேகா வீடு. பன்னிரண்டு நிமிடம்." தலையை நிமிர்த்தினான். "போதுமா மாமு? டைம் போட்டு வெச்சிகீறான்."

தேசப்பன் முறிந்த மணிக்கட்டின்மேல் காலை வைத்து அழுத்தினான். பெரியவரின் வாயிலிருந்து வந்தது மனிதக் குரலாக இல்லை. பிரகாஷ் லைட்டரை எடுத்து, நோட்டைக் கொளுத்தித் தரையில் போட்டான்.

"எண்பத்தெட்டு நாளுப்பா," என்று முனகினார் பெரியவர். "இன்னும் ரெண்டே நாள். தொண்ணூறு இல்லாம போனா ஒத்துக்க மாட்டாங்க."

"சாவட்டும் வுடு. இத்தோட தொலஞ்சான்," என்றான் பிரகாஷ்.

அப்போது ரேகா மாடி ஏறி வந்தாள். ஈரத் தலை, இடுப்பில் ஆறு வயது மகள் அம்மு. "கொலை பண்ணிட்டு ஜெயிலுக்குப் போவப் போறியா?" என்று கணவனைத் தள்ளிவிட்டாள். எரிந்துகொண்டிருந்த நோட்டை மிதித்து அணைத்தாள். மிஞ்சியது கடைசிப் பக்கம் மட்டுமே.

அவள் அதை எடுத்துப் படித்தாள். ஒருமுறை மனத்துக்குள்; மறுமுறை, பிரகாஷ் படித்த குறிப்பை முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

"பிப்ரவரி 21. 7.33: புகைபோக்கிக்கு மேலே இருந்த வெள்ளி கிரகம், புகையில் மறைந்தது. 7.38: நாற்றம் இங்கே வந்தது. ரேகா வீடு: அம்முவுக்கு மூச்சுத்திணறல், பன்னிரண்டு நிமிடம். வியாழக்கிழமை கலெக்டர் விசாரணையில் காட்ட வேண்டும்."

அவள் கணவனைப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம இவளத் தூக்கிகினு ஓடுனமே. அதே டைமு."

தேசப்பன் நெளிந்து கிடந்த குழலைப் பார்த்தான். கண் வைக்கும் வில்லை பக்கவாட்டில் இருந்தது. அதில் கண் வைத்தவருடைய முகம் தெற்கே திரும்பித்தான் ஆகவேண்டும். குழலின் வாய் மட்டும் நேர் மேற்கே, தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்திருந்தது.

அவன் பிரகாஷைத் தேடினான். படிக்கட்டு காலியாக இருந்தது.

மேற்கிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் மாடிமேல் இறங்கியது. ரேகாவின் இடுப்பில் அம்முவின் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. தேசப்பனின் கையிலிருந்து துடுப்பு நழுவியது.

பெரியவர் இரத்தம் வழியும் கண்ணால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொழந்தையத் தூக்கிட்டு ஓடு தேசப்பா. மணி ஏழு நாப்பது. இனிமே என் கை எழுதாது, நீ எழுது."

வாசகரே, உங்கள் தெருவுக்கு அந்த நாற்றம் இன்று எத்தனை மணிக்கு வந்தது? எழுதுங்கள்.