வெள்ளிக்கிழமை விற்காத கார்

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. வீட்டு லட்சுமிய வெள்ளிக்கிழமை நான் வெளிய அனுப்பக் கூடாது. நாளைக்குச் சனி, நீங்க இரும்பு வாங்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில வாங்க" என்றார் கணேசமூர்த்தி.

லட்சுமி என்று அவர் சொன்னது வாசலில் நின்ற சாம்பல் நிற மோரிஸ் மைனர் காரை. அந்த ஒரு பேச்சிலேயே அப்பாசாமி பாதி விழுந்துவிட்டார்.

அப்பாசாமி ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கிராணியாகக் கணக்கு எழுதியவர். சுதந்திரம் வந்த மறு வருஷமே வெள்ளைக்காரத் துரை தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டான். கணக்கு முடித்துக் கைக்கு வந்த பணம் ஆயிரத்தெண்ணூறு வெள்ளி. அதைக் கொண்டு ஒரு கார் வாங்கி, உஜோங் பாசிர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று நினைத்திருந்தார். அந்தப் பணம் போனால் மனைவியும் மூன்று பிள்ளைகளும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் கார் கடைப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மீட்டரைத் திருப்பி வைப்பார்களாம், கியர் பெட்டியில் மரத்தூளைக் கொட்டிச் சத்தத்தை அமுக்குவார்களாம், துருவுக்கு மேலே பெயிண்டை அப்புவார்களாம். கேட்டுக் கேட்டு, கடைக்காரன் என்றாலே அவருக்குப் பயம். வாங்கினால் ஒரு குடும்பத்தில் இருந்த காரைத்தான் வாங்குவது என்று ஒற்றைக் காலில் நின்றார். காப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த 'கார் விற்பனைக்கு' சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் காஜா பெராங்கில் இந்த வீட்டைத் தேடி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போய் நின்றார்.

"கிராணியாரே, குறையை நானே சொல்லிடுறேன். இடது பக்கக் கதவ கொஞ்சம் தூக்கித்தான் சாத்தணும். காலையில ரெண்டாவது கியர் மக்கர் பண்ணும். நாளைக்கு நீங்க என்னைத் திட்டக் கூடாது பாருங்க" என்றார் கணேசமூர்த்தி.

தன் பொருளின் குறையைத் தானே சொல்கிற மனிதனை அப்பாசாமி அன்றைக்குத்தான் பார்த்தார். இருவரும் செங் ஊர் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு வந்தார்கள். கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. மற்றபடி வண்டி சமர்த்தாக ஓடியது.

"எத்தனை கை மாறின வண்டிங்க இது?"

"ஒரே கைதான். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் புதுசா எடுத்தது. என் ரெண்டு பிள்ளைங்களும் பொறந்ததும் ஆஸ்பத்திரியில இருந்து இதுலதான் வீட்டுக்கு வந்தாங்க. சிங்கப்பூருக்கு மாத்தல் வரலன்னா விப்பேனா?"

"பதிவுப் புத்தகத்தக் கொஞ்சம் பாத்துக்கலாமா?" அப்பாசாமி கிராணி அல்லவா? மனிதனை நம்பினாலும் காகிதத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

புத்தகம் சாமி அறையிலிருந்து தாம்பாளத்தில் வந்தது. உள்ளே கணேசமூர்த்தியின் பெயர் இருந்தது, வீட்டு விலாசம் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் குழைத்துப் பெரிதாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தது. வழிந்த மஞ்சளில் முந்தின இரண்டு தாள்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காய்ந்துபோயிருந்தன.

"ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பொட்டு வைக்கிறது. படிக்க முடியலன்னா சுரண்டிப் பாத்துக்குங்க" என்றார் கணேசமூர்த்தி.

சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்ட யாருக்குக் கை வரும்? அப்பாசாமி புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தார். பணம் கை மாறியது. பெயர் மாற்றும் பாரத்தில் கணேசமூர்த்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாவியைக் கொடுக்க அவர் மனைவி ஜெயா வந்தாள். கொடுத்த கையோடு முந்தானையால் காரின் முகப்பைத் துடைத்தாள். அப்புறம் அவளால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பாசாமிக்கும் கண் கலங்கியது. "உங்க வீட்டுப் பிள்ளையா பாத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏமாறாமல் ஒரு கார் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் அன்று வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு.

திங்கட்கிழமை காலையில், பெயர் மாற்ற மோட்டார் வண்டி ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க் சேதுபதி தமிழர். புத்தகத்தைப் பிரித்தார், பொட்டைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மேசை மேலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து மஞ்சளைச் சுரண்டத் தொடங்கினார்.

"ஐயா, அது பூசையில வச்ச பொட்டு" என்று பதறினார் அப்பாசாமி.

"பாவம் எனக்கு வரட்டும். நீங்க இதப் பாருங்க."

பொட்டுக்குக் கீழே தேதி தெரிந்தது. அந்தக் கார் கணேசமூர்த்தி பெயருக்கு வந்தது போன செவ்வாய்க்கிழமை. ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவே சேதுபதி ஸ்கேலை நுழைத்துப் பிரித்தார். உள்ளே வரிசையாக ஆறு பெயர்கள். ஆறாவது, பண்டார் ஹிலிரில் இருக்கும் ஒரு கார் கடையின் பெயர். அதன் பக்கத்தில் கடை முதலாளியின் கையெழுத்து. பெயர் மாற்றும் பாரத்தில் கணேசமூர்த்தி போட்டிருந்த அதே கையெழுத்து.

அப்பாசாமி இரண்டு கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எந்தக் கடைக்காரனுக்குப் பயந்து ஊரெல்லாம் சுற்றினாரோ, அவன் வீட்டுக்கே நடந்து போய்ப் பணத்தைக் கொடுத்திருக்கிறார்.

சேதுபதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"இந்த மாசத்துல இப்படிப் பொட்டு வச்சு வர்ற நாலாவது புத்தகம் ஐயா இது. அந்தம்மா உங்களுக்கும் அழுதாங்களா?"